பேட்டரி காரும் கண்ணுக்குத் தெரியாத முட்டுக்கட்டையும்

கணக்குப் பதிவியல் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு வழிகளில் ஓர் இயந்திரத்தின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வருவார்கள். விடை டேலி ஆனால் மார்க். அந்த இயந்திரம் எங்கே தேய்கிறது, எதனால் தேய்கிறது என்று மட்டும் எந்தக் கேள்வித்தாளும் கேட்காது. வண்டியே நேர்க்கோட்டில் ஓடாதபோது நேர்க்கோட்டு முறையில் தேய்மானம் போட்டு என்ன பிரயோஜனம்? :-)

வண்டி என்றது பேட்டரி காரை. பக்கம் பக்கமாகக் கதவில்லாமல், மேலே ஒரு கூரையோடு, சத்தமே போடாமல் பின்னால் வந்து நின்று திடுக்கிட வைக்குமே, அதுதான். பிறந்த ஊரில் அதற்குப் பெயர் கோல்ஃப் கார்ட். 1954-ல் அமெரிக்காவின் அகஸ்டா நகரத்தில் தொடங்கிய ஈ-இசட்-கோவும், 1958-ல் தொடங்கிய கிளப் காரும் இந்த வண்டியை உலகம் முழுக்கக் கொண்டுபோன கம்பெனிகள். இரண்டு பேர், இரண்டு மட்டைப் பை, பட்டுப் போன்ற புல்வெளி. அவ்வளவுக்குத்தான் அது முதலில் திட்டமிடப்பட்டது.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் பேட்டரி காரைப் பார்க்காதவர்கள் குறைவு. மதுரை, எழும்பூர் ரயில் நிலையங்களின் பிளாட்பாரம், வண்டலூர் உயிரியல் பூங்கா, ஸ்ரீரங்கம் கோயில், பெரிய ஆஸ்பத்திரிகள், பல்கலைக்கழக வளாகங்கள் என்று எங்கும் இருக்கிறது. பழநி கிரிவீதியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024-ல் தனியார் வாகனங்கள் நிறுத்தப்பட்ட பிறகு, நடக்க முடியாதவர்களுக்குக் கோயில் நிர்வாகம் விடும் பேட்டரி வண்டிதான் கால். இது சொகுசுக்காக ஓடும் வண்டி இல்லை. முழங்கால் தேய்ந்த பாட்டி, நெஞ்சில் ஆபரேஷன் முடிந்த தாத்தா, கைக்குழந்தையோடு இரண்டு பெட்டி தூக்கும் பெண். இவர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

அதனால்தான் ஒரு காட்சி எரிச்சலைத் தருகிறது. ஏதாவது ஒரு வளாகத்தின் மூலையில், தார்ப்பாய் போர்த்தி, ஒரு சக்கரம் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பி, இலைச்சருகு படிந்து நிற்கும் பேட்டரி கார். என்ன ஆச்சு என்று கேட்டால் வரும் பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முதலில் இடது பக்கம் இழுத்தது. டிரைவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது (ஸ்டியரிங்குக்கு, டிரைவருக்கு இல்லை). பிறகு காலையில் சார்ஜ் போட்டது மத்தியானமே தீர்ந்தது. "பேட்டரி வீக் சார், கம்பெனிக்காரன் வரணும்." கம்பெனிக்காரர் வெளியூரிலிருந்து வரவேண்டும். அவர் வரும்வரை பாட்டி நடக்கவேண்டும்.

இங்கே ஒரு தப்பு நடக்கிறது. வண்டியின் பெயரில் பேட்டரி இருப்பதால், வண்டியில் எது கெட்டாலும் அது மின்சார சமாச்சாரம், நம்மால் ஆகாது என்று உள்ளூர் மெக்கானிக் ஒதுங்கிக்கொள்கிறார். அவரைக் கூப்பிடவேண்டிய அலுவலகமும் அப்படியே நினைக்கிறது. இந்தச் சாதாரண வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு ஒயர்கூடக் கிடையாது. ஸ்டியரிங் ராடு, அதன் கீழே பல் சக்கரப் பெட்டி, அங்கிருந்து டை ராடு, டை ராடு எண்ட், கிங் பின், புஷ், வீல் பேரிங், கிரீஸ் நிப்பிள். பல மாடல்களில் முன்னால் ஸ்பிரிங் பட்டையும் உண்டு. இந்தப் பட்டியலைக் காரைக்குடியிலோ தேவகோட்டை ரஸ்தாவிலோ லாரிக்கு வேலை பார்க்கிற யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். "ஏன் தம்பி, லாரி பார்ட்ஸ் வாங்கப் போறியா" என்று கேட்பார். பேட்டரி காரின் இடுப்புக்குக் கீழே பாதி உடம்பு லாரிதான். அளவுதான் சின்னது.

இதில் காரைக்குடிக்கு ஒரு தனி வேடிக்கையும் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டுக்கே முக்கியமான ஊர் இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. பேட்டரிக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல விஞ்ஞானிகள் இருக்கும் ஊர். லாரிக்கு டை ராடு மாட்டும் மெக்கானிக்குகளும் இருக்கும் ஊர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பேட்டரி காரை மட்டும் யாரும் தொடக்கூடாதாம்.

சரி, வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது? செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க இன்ஜினியரிங் புத்தகம் தேவையில்லை, தேர் போதும்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிப்பவர்கள் இழுக்கத்தான் முடியும், திருப்ப முடியாது. திருப்புகிறவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஓடுகிற, கையில் முட்டுக்கட்டை வைத்திருக்கிற ஆள். இடது பக்கம் திரும்பவேண்டும் என்றால் இடது சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பார். அந்தச் சக்கரம் தடுமாறும், வலது சக்கரம் முன்னேறும், மொத்தத் தேரும் இடது பக்கம் முகம் திருப்பும். பேச்சுத் தமிழில் முட்டுக்கட்டை என்றால் இடைஞ்சல். தேரடியில் அதுதான் ஸ்டியரிங். (இந்த வார்த்தைக்கு நாம் செய்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

இப்போது பேட்டரி காருக்கு வாருங்கள். நேராகப் போகவேண்டிய வண்டி தானாக இடது பக்கம் போகிறது என்றால், இடது பக்கச் சக்கரம் ஒன்றுக்கு யாரோ கண்ணுக்குத் தெரியாமல் முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கட்டை எது என்று தேடுவதுதான் மொத்த வைத்தியமும்.

முதல் சந்தேகம் காற்று. இது சிரிப்பாகத் தெரியும், ஆனால் பாதி நோய் இதில்தான். இந்த டயர்களில் பரவலான ஓர் அளவு 18×8.50-8. அதாவது 18 அங்குல உயரம், எட்டரை அங்குல அகலம், 8 அங்குல ரிம். புல்லை நசுக்காமல் ஓடப் பிறந்த குண்டு டயர். பல மாடல்களில் இதற்கு 18 முதல் 22 பி.எஸ்.ஐ. காற்று போதும், சரியான அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். இதைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், கார் என்ற நினைப்பில் 30, 35 என்று அடித்து அனுப்புவார்கள். நடுப்பாகம் மட்டும் தேய்ந்து வண்டி குதிக்கும். ஒரு பக்கம் 20, மறு பக்கம் 10 என்று இருந்தால் 10 இருக்கும் பக்கம்தான் முட்டுக்கட்டை. காற்று பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கி டிரைவர் கையில் கொடுத்தால் இந்த அத்தியாயம் முடிந்தது.

அடுத்தது பிரேக். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டும்தான் டிரம் பிரேக் இருக்கும். அதில் ஒரு பக்கம் கேபிள் துருப்பிடித்து இறுகினால், காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கி, இரண்டு பின் சக்கர டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொடாமல்). ஒன்று சுடுகிறது, ஒன்று சுடவில்லை என்றால் ஆள் அகப்பட்டார். பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுக்கிறதா, சும்மா உருளும்போதும் இழுக்கிறதா என்று டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்டாலே பாதி விடை கிடைக்கும். டிரைவரிடம் கேட்கிற வழக்கம்தான் எந்த அலுவலகத்திலும் இல்லையே.

மூன்றாவது, ஆட்டம். சாவியை எடுத்து, டோ சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு, பின் சக்கரத்துக்கு நிஜ முட்டுக்கட்டை வைத்து, முன்னால் ஜாக்கி கொடுத்து ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக்கூடாது. இப்போது ஒரு முன் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கவேண்டும். லொடக் என்றால் டை ராடு எண்டில் சந்தேகம். மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்து லொடக் என்றால் கிங் பின் புஷ்ஷாக இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். சக்கரத்தோடு சேர்ந்து அச்சு முளையும் ஆடினால் புஷ், முளை நிற்க சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் சென்டர் போல்ட்டையும் பார்க்கவேண்டும். அது வெட்டுப்பட்டிருந்தால் ஆக்ஸிலே ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். லாரிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை, சென்டர் போல்ட் கட் என்பது அவர்களுக்குத் தினப்படிக் கதை.

புஷ் ஏன் தேய்கிறது? கிரீஸ் இல்லை, அதனால். நிப்பிள் இருக்கும். அதில் கிரீஸ் கன் வைத்து அடிக்கவேண்டும் என்று கையேடு சொல்லும். கையேடு பீரோவில் இருக்கும். பீரோ சாவி மாற்றலாகிப்போன ஒருவரிடம் இருக்கும்.

இதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அலைன்மென்ட். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி இழுக்கிறது என்றதும் டை ராடைத் திருகிச் சரி பண்ணிவிடுகிறார்கள். புஷ் லொடலொடவென்று ஆடும்போது அலைன்மென்ட் பண்ணுவது, இருப்பாய்வு டேலி ஆகாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதி மூடுவதற்குச் சமம். அன்றைக்கு டேலி ஆகும். தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அலைன்மென்ட் என்றதும் கம்ப்யூட்டர், லேசர் என்று நினைக்கவேண்டாம். இந்த வண்டிகளில் பலவற்றில் திருத்தக்கூடிய கோணம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு முன் சக்கரங்களும் மேலிருந்து பார்க்கும்போது இணையாக இருக்கின்றனவா, இல்லை புறாக்கால் போல உள்நோக்கித் திரும்பியிருக்கின்றனவா என்பது. டோ என்பார்கள். ஓடும்போது சக்கரங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிய முயலும் என்பதால், நிற்கும்போது முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிட ஓரிரு நூல் குறைவாக இருக்கும்படி வைப்பது வழக்கம். அரைக்கால் அங்குலம், அதாவது 3 மி.மீ. அளவு என்பது பல வண்டிகளில் பார்க்கக்கூடிய எண். மாடலுக்கு மாடல் மாறும், அதனால் அந்த பீரோ சாவியைக் கண்டுபிடிப்பது நல்லது.

அளக்கத் தேவையானது ஒரு டேப்பும் ஒரு சாக்பீஸும். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டக்கோடு. இரண்டு சக்கரத்துக்கும். வண்டியைச் சமதரையில் இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வழக்கமாக ஏறும் எடையை ஏற்றி, சில அடி தூரம் முன்னால் தள்ளி நிறுத்தவேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் சக்கரம் விறைப்பாக நின்று பொய் சொல்லும். ஆக்ஸில் உயரத்தில், டயரின் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்து, அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு அந்தப் புள்ளிகள் பின்பக்கம் வரும்வரை வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளி மறுபடி அளக்கவேண்டும். ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் இந்த முறையில் ஏமாறமாட்டோம். வித்தியாசம் கூடுதலாக இருந்தால் டை ராடின் லாக் நட்டுகளைத் தளர்த்தி ராடைத் திருகவேண்டும். பெரும்பாலும் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை இருப்பதால், கழற்றாமலே நீளம் கூடும், குறையும். பிறகு லாக் நட்டை இறுக்கி மறுபடி அளந்து பார்க்கவேண்டும். டை ராடு எண்டைக் கழற்றியிருந்தால் நட்டுக்குப் புது ஸ்பிளிட் பின் போடாமல் வண்டியைக் கொடுக்கவே கூடாது. அந்தச் சின்னக் கம்பி இல்லாமல் நட் கழன்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

இதற்கெல்லாம் எவ்வளவு லாபம் என்று காமர்ஸ் பசங்க கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கு. சரியான அளவைவிட டோ 12 மி.மீ. கூடிப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 6 மி.மீ. டயரின் குறுக்களவு 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. 457-க்கு 6 என்றால் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 13 மீட்டர். அதாவது ஒவ்வொரு முன் டயரும் ஒரு கிலோமீட்டர் உருளும்போது, 13 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தரையோடு இழுபடுகிறது. நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 400 மீட்டர். பாட்டி அம்மனைக் கும்பிட வருகிறார், டயர் அங்கப்பிரதட்சணம் செய்கிறது! ரப்பர் நிஜத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் முழுவதும் உரசல் ஆகாது, ஆனால் அந்த இழுவைக்கான சக்தி பேட்டரியிலிருந்துதான் போகவேண்டும். மத்தியானமே சார்ஜ் தீர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அலுவலகம் என்ன செய்யும்? ஆறு எட்டு வோல்ட் பேட்டரிகள் கொண்ட 48 வோல்ட் செட்டைப் புதிதாக வாங்கக் கோப்பு போடும். புது பேட்டரியும் அதே டயரை அதே மாதிரி இழுக்கும்.

டயரே சாட்சி சொல்லும். இரண்டு முன் டயரிலும் வெளி ஓரம் மட்டும் தேய்ந்தால் டோ உள்நோக்கிக் கூடுதல். உள் ஓரம் மட்டும் என்றால் வெளிநோக்கி விரிந்திருக்கிறது. ஒரு டயரில் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் நன்றாக இருந்தால் காற்று குறைவு. உள்ளங்கையால் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த் திசையில் ரம்பம் போலவும் இருந்தால், அளக்காமலே சொல்லிவிடலாம். ஐந்தாறு வருஷத் தேய்மானத்தை ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம். இதற்கு ஆடிட்டர் தேவையில்லை.

கவலைப்படவேண்டிய இடம் வேறொன்று. ஷேர் ஆட்டோவுக்கு எஃப்.சி. உண்டு, பள்ளிக்கூட வேனுக்கு எஃப்.சி. உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28), தொழிற்சாலை அல்லது அடைபட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த சிறப்பு வகை வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. அந்த வகையில் வரும் வண்டியை ஆர்.டி.ஓ. பார்க்கமாட்டார். மெதுவாகப் போகிற வண்டிதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கதவில்லாத வண்டி, பெரும்பாலும் சீட் பெல்ட் இல்லை, உட்கார்ந்திருப்பவர் எழுபது வயதுக்காரர். ஒரு பிளாட்பார ஓரத்தில், மணிக்கு 10 கிலோமீட்டரில், டை ராடு எண்ட் கழன்றால் போதும்.

ஆகவே யாரும் பார்க்காத வண்டியை வைத்திருப்பவர்களே பார்க்கவேண்டும். இங்கேதான் கணக்கியல் குறுக்கே வந்து நிற்கிறது. புது வண்டி வாங்குவது மூலதனச் செலவு. அதற்கு நன்கொடையாளர் கிடைப்பார், ரிப்பன் கிடைக்கும், போட்டோ கிடைக்கும், வண்டியின் நெற்றியில் பெயரும் எழுதலாம். கிரீஸ் அடிப்பது வருவாயினச் செலவு. "இந்த கிரீஸ் இன்னாரின் உபயம்" என்று நிப்பிளில் எழுத இடம் இல்லை. செட்டிநாட்டில் கோயிலுக்கு, பள்ளிக்கு, கல்லூரிக்கு அள்ளிக்கொடுத்த பரம்பரைகள் உண்டு. அந்த வீட்டுக் கணக்குப் பிள்ளைகள் எழுதிய பேரேட்டில் கோயில் கட்டிய செலவு மட்டும் இருக்கவில்லை, தினம் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற எழுதிவைத்த கட்டளையும் இருந்தது. வண்டி கொடுக்கிற உபயதாரர் அதே மாதிரி ஒரு சின்னத் தொகையைப் பராமரிப்புக் கட்டளையாகவும் சேர்த்துக் கொடுக்கலாம். வாங்குகிற நிர்வாகம் கேட்கவும் வேண்டும்.

வாரண்டி போய்விடும், அதனால்தான் வெளியாளைத் தொடவிடுவதில்லை என்று ஒரு பதில் வரும். நியாயமான பதில்தான். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, சார்ஜர் பக்கம் தெரியாதவர் கை வைக்கவே கூடாது, 48 வோல்ட் பேட்டரியில் ஒரு ஸ்பானர் குறுக்கே விழுந்தால் ஸ்பானரே உருகும். வாரண்டி இருக்கும்வரை மற்றதையும் கம்பெனி ஆளே பார்க்கட்டும், ஆனால் எத்தனை நாளில் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும். காற்று பார்ப்பதும், கையேட்டில் சொன்னபடி கிரீஸ் அடிப்பதும், டேப் வைத்து அளந்து எழுதிவைப்பதும் எந்த வாரண்டியையும் கெடுக்காது. வாரண்டி முடிந்த வண்டிக்கு இந்தச் சாக்கும் கிடையாது. தார்ப்பாய்க்கு அடியில் நிற்பவற்றில் பல அந்த வயதைத் தாண்டியவையாகத்தான் தெரிகின்றன.

ஊரில் பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. ஆட்டோமொபைல் படிக்கிற பையன்கள் பழைய ஜீப் ஆக்ஸிலைக் கழற்றி மாட்டிப் பழகுகிறார்கள். அவர்களில் நான்கு பேரை மாதம் ஒரு சனிக்கிழமை, வாத்தியாரோடு, ஒரு வளாகத்துக்கு அனுப்பினால் அரை நாளில் மூன்று வண்டி பார்த்துவிடுவார்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கவேண்டும். தேதி, நான்கு டயர் காற்று, முன் இடைவெளி, பின் இடைவெளி, ஆட்டம் உண்டா இல்லையா, கிரீஸ் அடித்தவர் கையெழுத்து. கடைசியில் ஒரு காலி வரி, டிரைவர் சொன்ன புகாரை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள. "இடது பக்கம் இழுக்குது சார்" என்று எழுதினால் போதும்.